மாற்றத்துக்கான காரணம்

போன மாதம் பள்ளிகளுக்கான விக்கித் தளத்திலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பல வருடமாக யாரும் தொடாத வகுப்பு விக்கிகளை அழிக்கப்போகிறோம், உங்களுடையது வேண்டுமென்றால் மாத முடிவுக்குள் ஒருமுறை உள்ளே வந்து உறுதி செய்யுங்கள் என்று எழுதியிருந்தார்கள். படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தாலே அது போய்விடும். அப்படி ஒரு நிம்மதி எனக்கு வந்ததே என்ற வெட்கத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பிறந்ததும் இப்போது இருப்பதும் பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வேலை பார்த்தது முழுக்க இடுக்கியில். கடைசி ஆறு வருடம் தேவிகுளத்துக்கு அப்பால், தேயிலை எஸ்டேட்டுக்குள் இருந்த ஒரு தமிழ் வழித் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தேன். பிள்ளைகள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தார்கள். கீழே இங்கிலீஷ் மீடியம் பள்ளியின் ஜீப் தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலுக்கே வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது. எங்கள் பள்ளியின் பெயர் எதிலாவது வெளியே தெரிந்தால் மூடாமல் இருப்பார்கள் என்று நம்பினேன். இப்படி நான் சொல்லிக்கொள்வது உண்மைதான். என் பெயரும் வெளியே தெரிய வேண்டும் என்று நினைத்ததும் உண்மைதான்.

முதலில் ஒரு வலைப்பூ தொடங்கினேன். அதில் நான் மட்டும்தான் எழுதினேன்: ஆண்டு விழா, மரம் நட்டது, இப்படி. பிறகு ஒரு பயிற்சி வகுப்பில் விக்கியைப் பற்றிச் சொன்னார்கள். ஒரு பக்கத்தை யார் வேண்டுமானாலும் திறந்து எழுதலாம், திருத்தலாம். பிள்ளைகளே எழுதும் இடம் அது என்று எனக்குப் பிடித்துப்போயிற்று. நான்காம் வகுப்பில் பதினோரு பேர். ஒவ்வொரு தலைப்புக்கும் ஆளுக்கு ஒரு பக்கம், ஆளுக்கு ஒரு பாஸ்வேர்ட். மடிக்கணினி இரண்டுதான். மோடத்தை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிடுவேன். மூடுபனி விலகினால் சிக்னல் வரும்.

முதல் வாரமே சண்டை வந்தது. ஒரு பையன் எழுந்து நின்றான்.

“சார், இவன் ஏம் பக்கத்துல நான் குளிக்க மாட்டேன்னு எழுதிட்டான்.”

“உள்ளதத்தான சார் எழுதுனேன்” என்றான் எழுதியவன்.

“நீ என்ன, எங்க வீட்டுக் குளியலறையிலயா ஒக்காந்திருந்த?”

வகுப்பே சிரித்தது. நான் அவர்களைச் சுற்றி நிற்க வைத்து, பக்கத்தின் மேலே இருந்த ‘வரலாறு’ என்ற பொத்தானை அமுக்கிக் காட்டினேன். யார் எதை எத்தனை மணிக்கு மாற்றினார்கள் என்பது வரிசையாக வந்தது. பழைய எழுத்து அப்படியே இருந்தது. ஒரு தொடுதலில் அதைத் திரும்பக் கொண்டுவந்தேன். “இதுல யாரும் எதையும் மறைக்க முடியாது, கண்ணுகளா” என்றேன். கீழே ‘மாற்றத்துக்கான காரணம்’ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அடுத்தவர் பக்கத்தைத் தொட்டால் அந்தக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். விக்கி விஷயத்தில் பொய் சொன்னால் ஒரு மாதம் பாஸ்வேர்ட் கிடையாது. இரண்டையும் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் அதைச் சட்டம் என்றார்கள்.

அந்த வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். ஒன்பது வயது. அவள் அம்மா கொழுந்து எடுப்பவர். அவர்கள் கத்தோலிக்கர்கள். அந்த வருடம் அவளுக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் வருடம் என்று மூன்று தடவையாவது என்னிடம் சொல்லியிருப்பாள். தட்டச்சில் அவள்தான் எல்லோரையும் விட வேகம். ‘எங்கள் பள்ளி’ என்று எழுதச் சொன்னபோது மற்றவர்கள் புத்தகத்தில் இருப்பதை எழுதினார்கள். அவள் எழுதியது இது:

“எங்கள் பள்ளியில் டைல்ஸ் போட்ட கழிப்பறை இருக்கிறது. அது பூட்டியிருக்கும். சாவி சாரின் மேசையில் இருக்கிறது. பெண் பிள்ளைகள் தேயிலைக்குள் போவோம். அட்டை கடிக்கும். மழைக்காலத்தில் நிறைய கடிக்கும்.”

அவள் எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கழிப்பறை புதிதாகக் கட்டியது. தண்ணீர் மேலே ஓடையிலிருந்து ஓஸில் வர வேண்டும், பாதி நாள் வராது. அசிங்கமாகிவிடும் என்று பூட்டி வைத்தேன். யாராவது அதிகாரி வந்தால் திறப்பேன். கேட்டால் சாவி கொடுத்திருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்பது வயதுப் பெண் பிள்ளை, பத்துப் பேர் பார்க்க, ஆண் தலைமையாசிரியரின் மேசை முன்னால் வந்து நின்று அந்தச் சாவியைக் கேட்பாள் என்று நான் நினைத்திருந்தால், நான் பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் தெரியாதவன்.

அவள் அதை எழுதிய வாரத்தில்தான் உபஜில்லா கல்வி அலுவலகத்திலிருந்து நல்ல வகுப்பு விக்கியைத் தேர்ந்தெடுக்க ஒரு மேடம் வருவதாகத் தகவல் வந்தது. அன்று நான்கு மணிக்குப் பிள்ளைகள் போன பிறகு மடிக்கணினியைத் திறந்தேன். பாஸ்வேர்டுகள் எழுதிய தாள் என் மேசை டிராயரில், கழிப்பறைச் சாவிக்குப் பக்கத்தில் இருந்தது. அவளுடைய பாஸ்வேர்ட் அவள் வளர்த்த ஆட்டுக்குட்டியின் பெயர். அந்த ஆட்டுக்குட்டியின் பெயரை நான் தட்டச்சு செய்து அவள் பக்கத்துக்குள் போனேன். என் பெயரில் போயிருக்கலாம். போனால் வரலாற்றில் என் பெயர் வரும்.

“எங்கள் பள்ளியில் தூய்மையான கழிப்பறை உள்ளது. நாங்கள் கைகளைச் சோப்பு போட்டுக் கழுவுவோம். எங்கள் பள்ளி எங்களுக்குக் கோயில் போன்றது” என்று எழுதினேன். காரணக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

அவளிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாம். அந்தப் பக்கத்தைக் காட்டாமலும் இருந்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை, மேடம் வேறு பிள்ளையைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவர் நேராக முன் வரிசைக்கு வந்து, “மோளே, நீ எழுதினதை நீயே வாயிச்சுக் காட்டு, கேக்கட்டும்” என்று அவள் தோளைத் தொட்டார். வாயிக்க என்றால் வாசிக்க. எங்கள் பிள்ளைகளுக்கு மலையாளம் தண்ணீர் மாதிரி.

அவள் பக்கத்தைத் திறந்து சந்தோஷமாக வாசிக்கத் தொடங்கினாள். “எங்கள் பள்ளியில் தூய்மையான” என்றவள் நின்றாள். மிச்சத்தை மனதுக்குள் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இது நான் எழுதல, சார்.”

“நல்லாப் பாரு கண்ணு. மேல உம் பேருதான இருக்குது?”

“பேரு என்னுதுதான். எழுதுனது நான் இல்ல. வரலாற அமுக்குனா தெரிஞ்சிரும், சார்.”

அவள் குரலில் பயமே இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததை எனக்கே ஞாபகப்படுத்தினாள், அவ்வளவுதான். அவள் விரல் அந்தப் பொத்தானுக்குப் போவதற்குள் நான் ஜன்னல் பக்கம் போய் மோடத்தின் வயரை இழுத்தேன். “நெட்டு போயிருச்சுங்க மேடம். மலையில இப்படித்தானுங்க” என்றேன். “அவளுக்குக் கொஞ்சம் மறதிங்க” என்றும் சொன்னேன். மேடம் சிரித்துக்கொண்டே கழிப்பறையைப் பார்க்கப் போனார். அன்று அது திறந்திருந்தது. ஓஸில் தண்ணீரும் வந்தது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் காலையில் குளிக்காதவன் என்று எழுதப்பட்ட அந்தப் பையன் எழுந்தான்.

“சார், அவ பெரிய மேடம் முன்னாடி பொய் சொன்னாள்ல? அவளுக்கு ஒரு மாசம் பாஸ்வேர்ட் கெடையாதுல்ல?”

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிச் சாக்பீஸைத் தேடினேன்.

“சட்டம்னா எல்லாத்துக்குந்தான சார்?”

பதினோரு பேரும் என்னைப் பார்த்தார்கள். அவள் உட்பட. அவர்கள் கேட்டது நியாயம். ஒன்று நான் உண்மையைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் சட்டப்படி அவளைத் தண்டிக்க வேண்டும். தாளை எடுத்து அவள் பெயரின் மேல் கோடு போட்டேன்.

“நான் எழுதல, சார்” என்று மறுபடி சொன்னாள். மத்தியானம் மூன்றாவது தடவை சொன்னாள். இவள் இதை எங்கேயாவது போய்ச் சொல்லிவிடுவாள் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அம்மாவை வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். அந்த அம்மா இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் படுதாவைக்கூட அவிழ்க்காமல் ஓடி வந்தார். வாசல்படிக்கு வெளியே நின்றார்.

“பிள்ள கெட்டிக்காரிதானுங்க. ஆனா பொய் வருதுங்க வாயில” என்று அவரிடம் சொன்னேன். அது அப்படியே என் வாயிலிருந்து வந்த வாக்கியம். இன்றுவரை மறக்கவில்லை.

“நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும். வீட்டுல நான் பாத்துக்கிடுதேன்” என்றார் அவர். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அடுத்த வாரம் கழிப்பறைச் சாவியை வராந்தாவில், பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரத்தில் ஓர் ஆணியில் மாட்டினேன். அவள் எழுதியது உண்மை என்று அப்படி ஒத்துக்கொண்டதாக நினைத்தேன். யாரிடமும் சொல்லாமல் ஒத்துக்கொள்வது எவ்வளவு சுலபம். எங்கள் பள்ளிக்குக் கேடயம் கிடைத்தது. ஒரு மாதம் கழித்துப் பாஸ்வேர்டைத் திருப்பிக் கொடுத்தபோது அவள், “என்ன எழுதணும்னு நீங்களே சொல்லுங்க, சார்” என்றாள். வருடக் கடைசி வரை அப்படித்தான். ஐந்தாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். நானும் ஓய்வு பெற்று ஊருக்கு வந்துவிட்டேன்.

மின்னஞ்சல் வந்த மூன்றாம் நாள் விக்கிக்குள் போனேன். ‘எங்கள் பள்ளி’ என்ற அவள் பக்கத்தின் வரலாற்றை அமுக்கினேன். இரண்டு வரிகள், இரண்டுக்கும் அவள் பெயர். முதலாவது காலை பதினொன்றேகால். இரண்டாவது மாலை ஐந்து பத்து, பள்ளியில் ஒரு பிள்ளையும் இல்லாத நேரம். யார் பார்த்தாலும் தெரிந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை. மற்றத் தலைப்புகளில், அந்த வருடத்தின் மிச்சத்துக்கு, பசு பால் தரும், மரம் நிழல் தரும் என்று நான் சொல்லி அவள் எழுதிய பக்கங்கள்.

அவளுடைய பழைய எழுத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன், இந்தத் தடவை என் பெயரில். காரணக் கட்டத்தில் ‘பிழை திருத்தம்’ என்று போட்டேன். பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. அந்தச் சந்தோஷத்தில், இப்போது அங்கே இருக்கும் ஆசிரியையிடம் கேட்டு அவள் வீட்டு நம்பரை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்திருப்பார்கள் என்று கணக்குப் பண்ணி அழைத்தேன். அவளே எடுத்தாள். நர்சிங் படிக்கிறாளாம், லீவுக்கு வந்திருக்கிறாளாம். குரல் மாறியிருந்தது.

நடந்ததைச் சொன்னேன். பக்கத்தைச் சரி செய்துவிட்டேன் என்றும் சொன்னேன்.

“அத யாரு சார் பாக்கப் போறா?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. “பாத்ரூம் தொறந்துதான இருக்கு இப்ப?”

“தெரியாது கண்ணு” என்றேன். விசாரிக்கத் தோன்றவில்லை எனக்கு.

“சார், அந்த வருசம் புதுநன்மைக்கு முன்னாடி மொதமொதல்ல பாவசங்கீர்த்தனம் செய்யணும்ல. பொய் சொன்னத சாமியார்கிட்ட சொல்லிரணும்னு அம்மா சொல்லிருச்சு. நான் சொன்னேன். செய்யாத பாவத்தச் செஞ்சேன்னு சொன்னேன். சொல்லிட்டு வெளிய வந்தப்பதான் தோணுச்சு, நான் சொன்ன மொதப் பொய் அதுதான்னு.” பிறகு, “ஏங்கிட்டச் சொல்லி என்ன சார்? எனக்குத்தான் தெரியுமே. அம்மாகிட்டச் சொல்லுங்க. அம்மா இன்னும் உங்க பேச்சத்தான் நம்பிக்கிட்டிருக்கு” என்று சொல்லிப் போனைக் கொடுத்தாள்.

அந்த அம்மா எடுத்ததும் என் உடம்பை விசாரித்தார். எஸ்டேட்டில் என்னைப் போல ஒரு சார் வரவில்லை என்றார். அதைக் கேட்டுக்கொண்டே நின்ற பிறகு சொல்ல வேண்டியிருந்தது. அன்று பொய் சொன்னது உங்கள் மகள் இல்லை, நான் என்று சொன்னேன். எப்படி என்பதையும், ஆட்டுக்குட்டியின் பெயர் உட்பட, சொன்னேன்.

“சார்” என்றார். அப்புறம், “சாமியார்கிட்டச் சொல்ல வச்சேனே, சார்” என்றார். என்னைத் திட்டவில்லை. போனை எங்கோ கீழே வைத்த சத்தம் கேட்டது. அணைக்கவில்லை. அங்கே பேசுவது எனக்குக் கேட்டது.

“ஏட்டி, அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னேம்மா.”

“எப்பச் சொன்ன?”

“வழியெல்லாம் சொல்லிக்கிட்டேதான வந்தேன். சார் பொய் சொல்லுவாராட்டி, வாய மூடுன்னு சொன்ன.”

அதற்கு மேல் கேட்கக் கூடாது என்று நான்தான் அணைத்தேன். பக்கத்து அறையிலிருந்து என் மனைவி, “ஏனுங்க, ஆருகிட்டப் பேசுனீங்க?” என்று கேட்டாள். அவளுக்கும் இது தெரியாது. அன்று சாயங்காலம் அவளிடமும் சொன்னேன்.

பள்ளி ஆசிரியையை மறுபடி அழைத்துக் கழிப்பறையைப் பற்றிக் கேட்டேன். திறந்துதான் இருக்கிறதாம். சாவியே தொலைந்துவிட்டதாம்.

பிறகு விக்கியைத் திறந்தேன். வரலாற்றில் மூன்றாவது வரியாக என் பெயரும் ‘பிழை திருத்தம்’ என்ற சொல்லும் இருந்தன. யாருடைய பிழை என்று அதில் இல்லை. பிள்ளைகளுக்கு நான் சொன்னது சரிதான், அதை இனி மறைக்க முடியாது. அதுவும் அங்கேயே இருக்கட்டும். அவள் எழுத்தில் கை வைக்காமல், பக்கத்தின் அடியில் வெறுமே ஒரு புள்ளியைச் சேர்த்தேன், காரணக் கட்டம் திறப்பதற்காக. அதில் எழுதினேன்: “மாலை ஐந்து பத்துக்கு அவள் பெயரில் உள்ளே வந்து எழுதியவன் நான். கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி என்னிடம் இருந்தது.”