கப்புக்கு முன்னால் ஒரு கதவு

சைப்பிரஸில் கழிப்பறைக் காகிதத்தைத் தண்ணீரோடு போகவிடக் கூடாது. குழாய்கள் ஒடுக்கமாம், அடைத்துக்கொள்ளுமாம். எவ்வளவு வசதியான வீடானாலும் மூலையில் மூடி போட்ட சின்ன வாளி ஒன்று இருக்கும். எல்லாம் அதற்குள்தான். தினமும் அதைக் கட்டி வெளியே வைப்பது என் வேலை. வந்து இத்தனை காலமாகியும் அந்த மூடியைத் திறக்கும்போது கை கூசத்தான் செய்கிறது.

நான் பார்த்துக்கொள்ளும் முதிய பெண்மணியை ‘கிரியா’ என்று கூப்பிடுவேன். இங்கே அம்மணிக்கு அதுதான் சொல். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஆகவே வாளிக்குள் கிடக்கும் மாதவிடாய் பேட் யாருடையது என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூனைகள் அந்தக் குப்பைப் பையைக் கிழித்து வாசலெல்லாம் பரப்பிவிட்டன. சாப்பிட வந்திருந்த கிரியாவின் மகன் அதைத் தாண்டி உள்ளே வந்தார். அலமாரியிலிருந்து ரப்பர் கையுறையை எடுத்து என்னிடம் நீட்டினார். இலங்கையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கை இது. அந்தக் கையுறைக்குள் அன்றைக்கு நுழைய மறுத்தது.

பக்கத்து வீட்டில் வேலை செய்யும் நேபாளப் பெண் மாயாதான் பேட்டுக்குப் பதிலான கப்பைப் பற்றிச் சொன்னாள். சிலிக்கோனில் செய்தது, உள்ளே வைத்துக்கொள்வது, கழுவிக் கழுவி வருஷக்கணக்கில் பாவிக்கலாம் என்றாள். மருந்துக்கடையில் போய் எனக்குத் தெரிந்த கிரேக்கத்தில் “கூப்பா” என்று கேட்டேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய்க் காகிதக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடித்து, நன்றி சொல்லி, திரும்பி வந்துவிட்டேன். அடுத்த முறை போனில் படத்தைக் காட்டித்தான் வாங்கினேன்.

முதல் தடவை சரியாகப் பொருந்தவில்லை. இரண்டாவது தடவை வெளியே எடுக்க வரவில்லை. கிரியாவைத் தூக்கித் தூக்கி ஏற்கெனவே விட்டுப்போயிருந்த இடுப்பு. குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். வெளியே கிரியாவின் கைத்தடிச் சத்தம்.

“கோரி மு, ஊரில் யார் செத்தது?”

‘கோரி மு’ என்றால் என் மகளே என்று அர்த்தம். யாரும் சாகவில்லை என்று சொல்லப் போதிய மொழி இருந்தது. ஏன் அழுகிறேன் என்று சொல்லத்தான் இல்லை. வெளியே வந்தபோது மாதா படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, என் ஊரில் சாகாத யாரோ ஒருவருக்காக வேண்டிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் நின்றேன்.

மூன்றாவது மாதம் பழகிவிட்டது. வாளியில் என்னுடையதென்று எதுவும் இல்லை. கிரியாவைக் குளிப்பாட்டி, மருத்துவமனையில் மணிக்கணக்காகக் காத்திருந்து, வீடு வந்த பிறகு கதவைத் தாழிட்டுக் கழுவினால் போதும். அந்த நிம்மதியில்தான் எனக்குத் தெஹியோவிட்டப் பக்கத்தில் நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டம் ஞாபகம் வந்தது. விடியலில் பால் வெட்ட மலைக்குப் போனால் பால் எடுத்து நிறுத்துக் கொடுக்கும்வரை துணி மாற்ற இடமில்லை. ஒருத்தி காவல் நிற்க, இன்னொருத்தி ரப்பர் மரத்துக்குப் பின்னால் போவாள். மழைக்காலத்தில் துணி காயாது. பேட் வந்த பிறகு அதை எங்கே போடுவதென்று தெரியவில்லை. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் புதைப்போம். பெருமழை அதைத் தோண்டி எல்லார் வாசலுக்கும் கொண்டுவரும்.

லீவில் போனபோது தங்கச்சி சுமதிக்கு ஒன்று கொண்டுபோனேன். அவள் இப்போதும் பால் வெட்டுகிறாள். நான் விளக்கியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

“நல்ல சாமான்தான்க்கா. இத எங்க நின்னு கழுவுறது?”

“கக்கூஸ்ல.”

“அஞ்சு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸு. கதவுக்குச் சாக்கு தொங்குது. தண்ணி ஊத்துப் பீலியிலேருந்து தூக்கியாரணும். பால் பிசுக்கோட கைய வச்சா புண்ணாயிராதா? ஒனக்கு அங்க கதவு இருக்குக்கா. எனக்கு மொதல்ல அதக் குடு.”

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவந்ததை இப்படித் தள்ளுகிறாளே என்று. கோபம் அடங்கியதும் கதவு வைத்த கக்கூஸ் கட்ட என்ன செலவாகும் என்று கேட்டேன்.

திரும்பி வந்து, முடிந்தபோதெல்லாம் சீமெந்துக்கும் தகரத்துக்கும் பணம் அனுப்பினேன். லயத்தோடு ஒட்டி எதுவும் கட்டக்கூடாது என்று தோட்டத்து ஆபீஸில் மேனேஜர் துரை தடுத்திருக்கிறார். சுமதி திரும்பத் திரும்பப் போய்க் கேட்டதைப் போனில் சொன்னாள்.

“தொர மஹத்தயாகிட்ட சிங்களத்துலேயே கேட்டேன்க்கா. ‘ஒங்க வீட்டுப் பொம்பளைங்க எங்க போவாங்க’ன்னு. தலைய குனிஞ்சிக்கிட்டாரு. அடுத்த வாரம் கட்ட விட்டுட்டாங்க.”

போன வாரம் வீடியோவில் கூப்பிட்டாள். தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் பாதிப் பேச்சு கேட்கவில்லை. குழாயைத் திறந்து காட்டினாள். கதவை உள்ளிருந்து தாழிட்டுக் காட்டினாள். இரண்டு மாதமாகக் கப்தான் பாவிக்கிறாளாம். “மலையில அந்த நெனப்பே இல்லக்கா” என்றாள். பிறகு போனைச் சுவர் பக்கம் திருப்பினாள். வரிசையாக ஆளுக்கோர் ஆணி, அவற்றில் துண்டுகள். கடைசி ஆணியில் ஒன்றும் இல்லை.

“இது ஒனக்கு அடிச்சது” என்றாள்.

கிரியா கூப்பிட்டார். ஈரத் துண்டைத் தோளில் போட்டபடி போனேன். இங்கே என் துண்டுக்கென்று ஓர் இடம் கிடையாது. நாற்காலி முதுகில்தான் காயும்.