வியாழன் பதினோரு மணி அட்டை

அவளுக்குச் சூட்டுக்கை என்று பேர் வைத்தது ஒரு நோயாளி. குளிர் காலத்திலும் அவள் உள்ளங்கை வெந்நீர்ப் பை மாதிரி இருக்கும். நாளடைவில் அந்தக் கட்டிடம் முழுக்க அதுவே பேராகிவிட்டது. கீழே டயர் கடையில் இருப்பவர்கள்கூட, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால், "சூட்டுக்கை அக்காகிட்டயா? மாடியேறி உள்ள போங்க, பின்னாடி ரூம்" என்று கேட்காமலே வழி சொல்வார்கள்.

வயது ஐம்பத்து நாலு. பதினெட்டு வருஷம் முதியோர் இல்லம் ஒன்றில், படுக்கையில் கிடந்தவர்களைத் திருப்பிப் போட்டு, துடைத்து, முதுகில் புண் வராமல் பார்த்துக்கொண்டவள். பிறகு மசாஜ் படிப்பை முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கி, இந்த பிசியோதெரபி கிளினிக்கில் சேர்ந்தாள். நடத்துகிற டாக்டர் அவளைவிட இருபது வயது சின்னவள். முன்னறை டாக்டருக்கு, பின்னறை இவளுக்கு. முகம் வைக்க ஓட்டை உள்ள உயரமான கட்டில், எண்ணெய் பாட்டில்கள், துண்டு அலமாரி, கை கழுவும் தொட்டி, கீழே காற்றடிக்கும் மெஷின் ஓடும்போதெல்லாம் கடகடக்கும் ஒரு ஜன்னல். அவ்வளவுதான் அறை.

அங்கே வருகிறவர்களில் நேற்று அடிபட்டவர்கள் குறைவு. பாதிக்கு மேல் பழைய வலிக்காரர்கள். ஐந்து வருஷம், பத்து வருஷம். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டு, வீட்டில் நடிக்கிறாள் என்று பேர் வாங்கி, கடைசியில் இங்கே வந்து படுப்பவர்கள். அவர்கள் நடிக்கவில்லை என்பது சூட்டுக்கைக்குத் தெரியும். வீட்டுக்குள் ஒரு தடவை திருடன் வந்துவிட்டால், அவன் போய் வருஷங்கள் ஆன பிறகும் நாய் வீட்டுக்காரரின் செருப்புச் சத்தத்துக்கே குரைக்கும். உடம்பும் அப்படித்தான். காயம் ஆறிவிடும், காவல் ஓயாது. குரைப்பது பொய்யில்லை, திருடன்தான் இல்லை.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அதில் மனித உடம்பின் கோட்டுப்படம், முன்பக்கம், பின்பக்கம். நோயாளியே சிவப்புப் பென்சிலால் வலிக்கிற இடத்தில் பெருக்கல் குறி போட வேண்டும். கீழே, வலி எப்படி இருக்கிறது என்று அவர்கள் வாயால் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வாள். சும்மா "வலிக்குது" என்றால் எழுத மாட்டாள். எரியுதா, குடையுதா, சுண்டி இழுக்குதா, சொன்னால்தான் பென்சிலை எடுப்பாள். அடுத்த முறை அட்டையைப் பார்த்து, குறி இருக்கிற இடங்களை ஒவ்வொன்றாக அழுத்தி, "இங்கயா?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள்.

அவள் வீட்டுக்காரர் குழாய் வேலை செய்கிறவர். இந்த அட்டைகளைப் பற்றி அவருக்கு எப்போதும் ஒரு நக்கல் உண்டு. எங்கே ஒழுகுது என்று சுவரைப் பார்த்துக் கேட்டால் அது எல்லா இடத்தையும்தான் காட்டும் என்பார்.

அட்டைகளை அவள் பேர்ப்படி அடுக்கவில்லை, நேரப்படி அடுக்கினாள். திங்கள் ஒன்பது, திங்கள் பத்து என்று தகரப் பெட்டிக்குள் தடுப்புகள். ஒரே ஆள் வருஷக்கணக்கில் ஒரே நேரத்துக்கு வருகிற இடம், அதனால் அது வசதியாகத்தான் இருந்தது.

வியாழன் பதினோரு மணி ஆறு வருஷமாக வேன்காரருடையது. பள்ளிக்கூட வேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இடது தோள்பட்டை எலும்புக்கு அடியில் தொடங்கி, அக்குள் வழியாக, கையின் உள்பக்கமாக இறங்கி, சுண்டு விரலில் முடிகிற வலி. ஐந்து குறிகள். இருபத்திரண்டு வருஷம் அந்த வலியோடு இருந்துவிட்டு, அதற்குச் சம்பந்தமே இல்லாமல் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போனார். அந்த நேரம் காலியானது. இரண்டு மாதம் கழித்துத் தபால்காரம்மாவுக்குக் கொடுத்தார்கள்.

தபால்காரம்மா தபால் ஆபீசில் முப்பத்து மூன்று வருஷம் கடிதம் பிரித்தவர். ஒன்பது வருஷம் முன்பு படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து வலது இடுப்பு. முதல் நாள் வலது இடுப்பில் இரண்டு குறி போட்டார். "உள்ள ஒருத்தி உக்காந்து ஊசி நூல் கோக்கறா, கண்ணு தெரியாதவ" என்றார். சூட்டுக்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே எழுதிக்கொண்டாள்.

அடுத்த வியாழக்கிழமை அவளுடைய மூக்குக்கண்ணாடி, காம்பு ஒடிந்து, கடையில் இருந்தது. தடுப்புக்குப் பின்னால் கைக்கு வந்த அட்டையை எடுத்தாள். மேலே சின்ன எழுத்தில் இருந்த பேர் தெரியவில்லை, சிவப்புக் குறிகள் மட்டும் தெரிந்தன. ஒரு நாளைக்குப் பத்து முதுகு பார்க்கிறவளுக்கு, ஒரே ஒரு தடவை பார்த்த முதுகு நினைவில் நிற்குமா? கட்டில் ஓட்டைக்குள் முகம் புதைத்துப் படுத்திருந்தார் தபால்காரம்மா. சூட்டுக்கை இடது தோள்பட்டைக்கு அடியில் பெருவிரலை ஊன்றி, "இங்கயா?" என்றாள்.

"இல்லையே" என்றது ஓட்டைக்குள்ளிருந்து குரல். கொஞ்சம் கழித்து, "இருக்கலாம்." இன்னும் கொஞ்சம் அழுத்தியதும், "ஆமா. நீ கை வச்ச பிறகுதான் தெரியுது."

பழைய வலிக்காரர்கள் அப்படித்தான். வருஷக்கணக்காக அவர்கள் உடம்பைப் பற்றி அவர்களைவிட மற்றவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று கேட்டுப் பழகியவர்கள். அதன் பிறகு அவள் அட்டையைப் பார்க்கவும் இல்லை. ஆறு வருஷம் வியாழன் பதினோரு மணிக்கு ஓடிய பாதையில் கை தானாக ஓடியது. அக்குள், கையின் உள்பக்கம், முழங்கை, சுண்டு விரல். அன்றைக்குக் கை ரொம்ப இலகுவாகப் போகிறது என்று நினைத்ததுகூட அவளுக்கு நினைவிருந்தது.

அதற்குப் பிறகு நாலு வாரம் தபால்காரம்மா வரவில்லை. ஐந்தாவது வாரம் வந்தார். மகள் கொண்டுவந்து விட்டுவிட்டு, பன்னிரண்டு மணிக்கு வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிப் போனாள். இடது கை முழுக்கப் புதிதாக ஒரு வலியாம். பெரிய டாக்டரிடம் காட்டி, ஸ்கேன் எடுத்து, கழுத்தெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். திங்கட்கிழமை ஆபரேஷன். அதற்கு முன் ஒரு தடவை சூட்டுக்கையிடம் படுத்து எழுந்தால் தேவலை என்று தோன்றியதாம்.

துண்டை விரித்துக்கொண்டே, வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள் சூட்டுக்கை.

"நனைஞ்ச துணியைப் பிழியற மாதிரி இருக்கும்மா. சுண்டு விரல் மட்டும் என்னோடதே இல்ல. யாரோ ஐஸ்ல ஊற வச்சிட்டு மறந்து போன மாதிரி."

சூட்டுக்கையின் கை துண்டின் மேலேயே நின்றது. அந்த வாக்கியத்தை அவள் ஏற்கெனவே கேட்டிருந்தாள். இதே அறையில், இதே ஓட்டைக்குள்ளிருந்து, கரகரத்த ஆண் குரலில். ஊற வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி. அந்தக் கடைசி வார்த்தை உட்பட.

பெருவிரலைத் தோள்பட்டைக்கு அடியில் வைத்தாள். புளியங்கொட்டை அளவில் ஒரு முடிச்சு, தொட்டதும் எலும்புப் பக்கமாக நழுவி ஒளிந்துகொண்டது. வலியைக் காத்து நிற்கிற தசை கெட்டிப்படும், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் முடிச்சுகள் நழுவுகிற திசை ஆளுக்கு ஆள் மாறும். எலும்புப் பக்கமாக நழுவுவதை அவள் ஒரே ஒரு முதுகில்தான் பார்த்திருந்தாள். அந்த முதுகு மண்ணுக்குள் போய் மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது.

கையைத் துடைத்துக்கொண்டு தகரப் பெட்டியைத் திறந்தாள். இப்போது கண்ணாடி மூக்கில் இருந்தது. வியாழன் பதினோரு மணித் தடுப்புக்குப் பின்னால் இரண்டு அட்டைகள். முன்னால் இருந்தது வேன்காரருடையது. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு, இடுப்பில் இரண்டே குறிகளோடு தபால்காரம்மாவுடையது. வேன்காரரின் அட்டையில் கீழே அவள் கையெழுத்து: நனைந்த துணியைப் பிழிகிற மாதிரி. சுண்டு விரல் என்னோடது இல்லை.

அன்றைக்குக் கண்ணாடி இல்லை. அந்த எழுத்தை அவள் படித்திருக்க முடியாது. வாய்விட்டுச் சொல்லியிருப்பாளோ? கை தன் பாட்டுக்கு ஓடும்போது வாயும் தன் பாட்டுக்கு முணுமுணுத்திருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் சொன்னதாக அவளுக்கு நினைவில்லை.

மணி பதினொன்றே கால். முன்னறைக்குப் போய் டாக்டரிடம் அட்டைகளைக் காட்டினாள். டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. ஸ்கேனில் பிதுக்கம் இருப்பது நிஜம்தானே என்றாள் முதலில். அந்த வயசில் பாதிப் பேருக்கு அப்படி இருக்கும், வலியே இருக்காது, நீங்களே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறீர்கள் என்றாள் சூட்டுக்கை. தவறான அட்டை என்று வெளியே தெரிந்தால் கிளினிக்கை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான், முதலில் போவது உங்கள் வேலைதான் என்றாள் டாக்டர். மிரட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள். சூட்டுக்கைக்கு அது புரிந்தது. இந்த வயசில் வேறு கிளினிக்கில் யார் வேலை கொடுப்பார்கள்? ஆனால் திங்கட்கிழமை ஒரு பெண்ணின் கழுத்தை அறுக்கப் போகிறார்கள், அவளுடையது அல்லாத வலிக்காக.

"நான் சொல்லிடறேன் டாக்டர். நீங்க அந்தப் பெரிய டாக்டருக்கு ஒரு போன் மட்டும் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

தபால்காரம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். சூட்டுக்கை நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அட்டை, கண்ணாடி, கை ஓடியது, ஒன்றையும் மறைக்கவில்லை. தபால்காரம்மா அட்டையை வாங்கிப் பார்த்தார். ஐந்து குறிகளையும் தன் கையில் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரிபார்த்தார். முப்பத்து மூன்று வருஷம் கடிதம் பிரித்தவர், விலாசம் சரியா என்று பார்க்கிற முகம் அது.

"யாரு இவரு?"

"ஒரு வேன் டிரைவர்க்கா. இல்ல இப்போ."

"இந்த வலியிலதான் போனாரா?"

"இல்லக்கா. கிட்னி. வலி அவரை ஒண்ணும் பண்ணல, கூடவே இருந்துச்சு."

தபால்காரம்மா அட்டையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். கீழே காற்று மெஷின் ஓடி, ஜன்னல் கடகடத்து நின்றது.

"அப்ப இது எனக்கு வந்ததே இல்ல. தப்பான வீட்டுல போட்டுட்டுப் போயிட்ட" என்றார் கடைசியில். கோபமில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஆனா வலிக்குதே. இப்பவும் வலிக்குது. நீ சொன்னதால போகல பாரு. நீ வச்சது. நீயே எடு."

பன்னிரண்டு மணிக்கு வந்த மகள்தான் கத்தினாள். அம்மா என்ன பைத்தியமா, சொன்னதும் ஒட்டிக்கொள்ள வலி என்ன ஜலதோஷமா என்றாள். போலீசுக்குப் போவேன் என்றாள். அம்மாவே மகளை அடக்கினார். பெரிய டாக்டர் எல்லாம் கேட்டுவிட்டு, இரண்டு மாதம் தள்ளிப் போடலாம், கையில் பலம் குறைந்தால் மட்டும் உடனே வாருங்கள் என்று போனில் சொல்லிவிட்டார். அந்த இரண்டு மாதம்தான் சூட்டுக்கைக்குக் கிடைத்த கெடு. அதற்குள் வலி போகாவிட்டால் ஆபரேஷன் என்பதில் மகள் உறுதியாக இருந்தாள். சூட்டுக்கையின் வேலையும் அதோடு போகும், அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

தகரப் பெட்டியைப் பேர்ப்படி மாற்றினாள். தபால்காரம்மாவுக்கு அட்டையே இல்லை என்று முடிவு செய்தாள். கேள்வியும் இல்லை. இங்கயா, அங்கயா, எப்படி இருக்கு, எதுவும் கேட்கக் கூடாது. பெருவிரலை ஊன்றவும் இல்லை. பஞ்சு, கம்பளித் துணி, காய்ந்த பிரஷ், வெதுவெதுப்பான துண்டு என்று ஒவ்வொன்றாக இடது கையில் மேலாக ஓட்டினாள். பிறகு தபால்காரம்மாவையே வலது கையால் இடது கையைத் தடவச் சொன்னாள். "இது உங்க கை. நீங்களே தொட்டுப் பாத்துக்கங்க." வெளியே இருந்து பார்த்தால் குழந்தைக்குப் பவுடர் போடுகிற மாதிரி இருக்கும். டாக்டர் கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

கேட்காவிட்டாலும் தபால்காரம்மா மூன்றாவது வாரம் தானாகச் சொன்னார். சுண்டு விரல் சூடாகிவிட்டதாம். அடுத்த வாரம் முழங்கை விட்டது. அதற்கடுத்த வாரம் கையின் உள்பக்கம். ஐந்து, நாலு, மூன்று. அட்டையில் வேன்காரர் போட்ட குறிகள் வந்த வழியிலேயே திரும்பிப் போய்க்கொண்டிருந்தன, வாசலைத் தேடி ஒருவர் சுவரைத் தடவித் தடவி நடப்பது மாதிரி. அந்த வரிசையைச் சூட்டுக்கை யாரிடமும் சொல்லவில்லை. தபால்காரம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லவில்லை. அடுத்து எந்த இடம் என்று தெரிந்தால் அது அங்கேயே நின்றுவிடும்.

அதே வாரம் ஒரு மத்தியானம் பாத்திரம் கழுவும்போது அவளுடைய இடது சுண்டு விரல் மரத்திருந்தது. குளிர்ந்த தண்ணீர் என்று நினைத்தாள். குழாயை மூடினாள். அதைப் பற்றி மேலே நினைக்காமல் இருக்க ஒரு நிமிஷம் கஷ்டப்பட வேண்டியிருந்தது. நினைத்தால் முழங்கையில் தேடத் தோன்றும், தேடினால் கிடைக்கும். விஷயம் அவ்வளவுதான் என்று தொழில் தெரிந்தவளுக்குத் தெரியும். உள்ளே வந்த வீட்டுக்காரர், ஏன் சிலை மாதிரி நிற்கிறாய், குழாயில் ஏதாவது கோளாறா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். விரலைப் பார்க்காமலே மிச்சப் பாத்திரத்தைக் கழுவி முடித்தாள்.

ஏழாவது வாரம் அக்குள் விட்டது. எட்டாவது வியாழக்கிழமை தபால்காரம்மா வந்து, பேசாமல் படுத்து, முகத்தை ஓட்டைக்குள் வைத்துக்கொண்டார். மகளும் கூடவே உள்ளே வந்து, கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். அடுத்த திங்கட்கிழமைக்கு ஆஸ்பத்திரியில் மறுபடி பேர் கொடுத்து வைத்திருந்தாள். சூட்டுக்கை துண்டை எடுத்தாள்.

"கேக்க மாட்டியா?" என்றது குரல்.

"மாட்டேன்க்கா."

"நேத்திலேர்ந்து இல்ல. வாசல்வரைக்கும் போயிட்டு நின்ன மாதிரி இருந்துச்சு ரெண்டு நாளு. நேத்து காலைல எந்திரிச்சேன், இல்ல."

மகள் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். "இடுப்பும் விட்டுடுச்சாம்மா?" என்று கேட்டாள்.

"அது இருக்கு." தபால்காரம்மா ஓட்டைக்குள்ளிருந்து முகத்தைத் தூக்கி, கன்னத்தில் கட்டில் பதிந்த தடத்தோடு சூட்டுக்கையைப் பார்த்தார். "அது என்னோடது. ஒன்பது வருஷமாத் தெரிஞ்சவ. அவளைக் கொஞ்சம் பாரு இன்னிக்கு."

சூட்டுக்கை எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டு கட்டிலின் வலது பக்கத்துக்கு நடந்தாள்.