விருப்பமில்லை என்று எழுதியவன்

மரியசெல்வி இறந்த செய்தி முந்தாநாள் டீ இடைவேளையில் வந்தது. போனில் பேசியவர் அவருடைய கணவர் அந்தோணி. கொரோனா, பத்து நாள் ஆஸ்பத்திரி, வயிற்றிலிருந்த எட்டு மாதப் பிள்ளையும் தங்கவில்லை. கேட்டவுடன் எனக்கு முதலில் தோன்றியது, காலர் மிஷினில் இனி யாரை உட்கார வைப்பது என்பதுதான். லைன் சூப்பர்வைசர் புத்தி. நாசமாய்ப் போக.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் நல்லூருக்கு வந்தவர். எங்கள் பனியன் கம்பெனியில் காலர் வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. நான் கத்தினால், "அண்ணே, தண்ணி குடிச்சிட்டு வந்து மிச்சத்தையும் ஏசுங்க" என்பார். லைனே சிரிக்கும். நானும் சிரித்துவிடுவேன்.

ஆறு வருடம் கழித்து உண்டானார். கர்ப்பிணிகளும் கொரோனா ஊசி போடலாம் என்று அறிவித்ததும் நர்ஸம்மா கம்பெனிக்கே வந்தார். பிள்ளை கலைந்துவிடும் என்று ஊரிலிருந்து மாமியார் அழுதார். செல்வி நர்ஸம்மாவையே போனில் பேசவைத்து மாமியார் வாயாலேயே சரி சொல்ல வைத்தார். மாமியாரை மசிய வைத்தவரால் என்னை மசிய வைக்க முடியவில்லை.

அது ஷிப்மெண்ட் நேரம், ஞாயிறும் வேலை. ஊசி போட்டால் மறுநாள் காய்ச்சல் வரும், காலர் நின்றால் லைனே நிற்கும்.

"நர்ஸக்கா வந்திருக்காவ. போயிட்டு வந்துரட்டா அண்ணே?"

"ஷிப்மெண்ட் போகட்டுங்க அம்மிணி. அடுத்த கேம்ப்ல பாத்துக்கலாம்."

அடுத்த கேம்பிலும் கேட்டார். அதையேதான் சொன்னேன். போடாததற்குக் காரணம் கேட்ட படிவத்தில், அவர் பெயருக்கு நேரே 'விருப்பமில்லை' என்று எழுதினேன். எல்லா சூப்பர்வைசரும் அப்படித்தான் எழுதுவோம். மூன்றாவது கேம்புக்கு முன்பே அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஷிப்மெண்ட் சொன்ன நாளில் போனது. லட்டு கொடுத்தார்கள், தின்றேன்.

நோட்டீஸ் போர்டுக்கு அஞ்சலி எழுதச் சொன்ன மேனேஜர், செல்வியே ஊசி வேண்டாம் என்றதாக ஒரு வரி சேர்க்கச் சொன்னார். மற்றவர்களுக்குப் பாடமாக இருக்குமாம். ஆதாரத்துக்கு அந்தப் படிவத்தையே நீட்டினார். என் கையெழுத்து அவருக்குத் தெரியும்.

நேற்று அடக்கத்தில் அந்தோணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்க மேல அவளுக்கு ரொம்ப மரியாதைண்ணே. ஒங்ககிட்ட கேக்காம எங்கயும் போவமாட்டா" என்றார்.

மேனேஜர் கேட்ட வரியை நான் சேர்க்கவில்லை. இதைப் போர்டில் ஒட்டுவார்களோ, கிழிப்பார்களோ. செல்வி, இரண்டு முறை கேட்டீர்கள்.

போயிட்டு வாங்க அம்மிணி.