கிரீடத்தில் ஒட்டிய விரல்

விரிசல் விட்ட கட்டில் காலுக்குப் பசை வாங்க அரூர் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் சின்ன டியூபைத் திறந்து காட்டினார். கண்ணைக் கரிக்கும் அந்த நெடி பட்டதும் என் விரல்கள் தாமாகவே ஒன்றைவிட்டு ஒன்று விலகின.

எட்டு வயதில், கூத்தில் அப்பா துரியோதனனாக வைத்து ஆடும் மரக்கிரீடத்தைத் திருட்டுத்தனமாக எடுத்துக் கீழே போட்டுவிட்டேன். பூசை போடாமல் அது இருக்கும் வேஷப் பெட்டியைத் தொடவே கூடாது. கிரீடத்தின் கல்யாணமுருங்கைக் கட்டையில் நீளமாக ஒரு விரிசல். தண்ணீர் மாதிரி இருந்த சூப்பர் க்ளூவை ஊற்றினேன். எல்லாவற்றையும் கட்டை குடித்துவிட்டது. அழுத்திப் பிடித்திருந்த என் விரல்கள்தான் ஒட்டிக்கொண்டன.

வேஷத்தோடு அப்பா கிரீடம் எடுக்க உள்ளே வந்தார். சிவப்பு அரிதாரத்துக்குப் பின்னால் அவருக்குக் கோபமா என்று தெரியவில்லை.

"கைய எடு பாப்பா."

"வரலைங்கப்பா."

சுடுதண்ணீர் விட்டு உரித்தெடுத்தார். விரிசலோடு அந்தக் கிரீடத்தையே கட்டிக்கொண்டு அன்று இரவு ஆடினார். அவர் சுழன்றபோதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டேன். கிரீடம் உடையவில்லை. அதைப் பற்றி அப்பா கடைசிவரை பேசவும் இல்லை.

"தண்ணியா இருக்கறது வேணுங்களா, கெட்டியா இருக்கறதுங்களா?" கடைக்காரர் கேட்டார்.

"கெட்டியானதே குடுங்க."

அவர் டியூபை நீட்டினார். என் கை எழவில்லை.

"பையில போட்டுருங்க" என்றேன்.