முழங்காலில் ஒன்றுமில்லை

பட்டாளத்திலிருந்து என்னை அனுப்பிவிட்ட பிறகு, ஊரில் இருந்த கொஞ்ச காலம் நான் நொண்டிக்கொண்டு நடந்தேன். என் முழங்காலில் ஒரு கோளாறும் இல்லை. அம்மா நொண்டச் சொன்னாள், நொண்டினேன்.

எங்கள் ஊர் சென்னிமலைக்கும் பெருந்துறைக்கும் நடுவில் இருக்கிறது. அப்பாவுக்குத் தென்னந்தோப்பு, கொஞ்சம் மஞ்சள், நாலு எருமை. நான் ஒரே மகன். படிப்பில் சுமார், ஓட்டத்தில் கெட்டி. கோயமுத்தூரில் நடந்த ஆளெடுப்பில் ஓடித் தேறியபோது ஊர் பஸ் ஸ்டாப்பில் என் படம் போட்டு பிளெக்ஸ் கட்டினார்கள். அப்பா தினமும் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வரும்போது வண்டியை அங்கே நிறுத்தி, ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் வருவாராம். என் முகம் வெயிலில் வெளுத்து மூக்கு மட்டும் மிஞ்சுகிற வரைக்கும் அதை யாரையும் அவிழ்க்க விடவில்லை.

பட்டாளத்தில் எனக்கு ஆஸ்பத்திரி வேலை. ஊசி போடுவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, ஆம்புலன்ஸில் கூடப் போவது. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. மலைக்குளிரில் ஆட்களின் நரம்பெல்லாம் தோலுக்குள் ஒளிந்துகொள்ளும். அதைத் தடவிக் கண்டுபிடித்து ஒரே குத்தில் ஊசி ஏற்றிவிடுவேன். பெரிய அதிகாரிகள்கூட, "அந்த மதராஸியைக் கூப்பிடு" என்பார்கள்.

என் மனசு ஆண்கள் பக்கம்தான் போகும் என்பது பள்ளிக்கூடத்திலேயே எனக்குத் தெரியும். அது ஓர் ஆளிடம் போய் நின்றது வடக்கே இருந்தபோதுதான். அவன் எங்கள் மெஸ்ஸில் சமையல்காரன், இமாச்சலத்துக்காரன். நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள் பருப்பில் புளியைக் கரைத்து ஊற்றி, சாம்பார் என்று கொண்டுவந்து வைத்தான். வாயில் வைக்க முடியவில்லை. முழுசும் குடித்தேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

இரண்டு குளிர்காலம் யாருக்கும் தெரியாமல் இருந்தோம். அவன் லீவில் ஊருக்குப் புறப்பட்ட நாளன்று, மருந்து வைக்கிற அறையில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு ஹவில்தார் கதவைத் திறந்தார். பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

இது குற்றமில்லை என்று கோர்ட் சொல்லி, டி.வி.யில் எல்லாரும் பேசி முடித்துச் சில வருஷங்கள் ஆன பிறகுதான் இது நடந்தது. பட்டாளத்துக்குத் தனிச் சட்டம். விசாரணை வைத்தார்கள். என்னைக் கேட்ட அதிகாரி கெட்டவரில்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். இந்தியில் மெதுவாகத்தான் பேசினார்.

"நல்ல வேலைக்காரன் நீ. அவன்தான் உன்னைக் கட்டாயப்படுத்தினான் என்று சொல். உன்னை நான் பார்த்துக்கொள்கிறேன்."

"அப்படி நடக்கவில்லை சார்."

"யோசித்துச் சொல்."

"யோசித்துவிட்டேன் சார். எனக்கும் அவனைப் பிடித்திருந்தது."

பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். என் சேவை இனித் தேவையில்லை என்று முடிவாயிற்று. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவன் கட்டிலை இழுத்துச் சுவரோரமாய்ப் போட்டுக்கொண்டான். ஒருமுறை நாய் கடித்து வந்த இன்னொருவன், நான் ஊசி போட்டவன், என் டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கி வண்டிவரைக்கும் கொண்டுவந்து வைத்தான். இரண்டும் ஒரே காலையில் நடந்தது.

ரயிலில் வரும்போது இமாச்சலத்துக்காரன் போன் பண்ணினான். அவனையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"நான்தான் உன்னைக் கட்டாயப்படுத்தினேன் என்று சொல்லச் சொன்னார்களா?" என்று கேட்டேன்.

"உன்னிடமும் அதையே கேட்டார்களா?" என்றான்.

இரண்டு பேரும் சிரித்தோம். வேலை போய், மானம் போய், ரயில் கதவோரம் நின்றுகொண்டு அப்படிச் சிரித்தேன். எதிரே நின்றவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா அடுப்பில் அரிசிம்பருப்புச் சோறு வைத்திருந்தாள். அப்பா தோப்பில் இருந்தார்.

"என்ன கண்ணு, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கற? எத்தன நாளு லீவு?"

"லீவு இல்லம்மா. அனுப்பிச்சுப்போட்டாங்க."

அடுக்களையில் நின்றபடியே சொன்னேன். ஒரு பையனோடு பழகினேன், சிநேகிதம் மாதிரி இல்லை, கல்யாணம் கட்டிக்கொள்கிறவர்கள் பழகுகிற மாதிரி என்றேன். அம்மா அடுப்பை அணைத்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"அந்தப் பையனும் ஊட்டுக்குப் போயிட்டானா?"

"போயிட்டான்."

"அவங்கம்மா என்ன சொல்லுச்சோ, பாவம்."

குக்கரை இறக்கிவைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "உங்கப்பங்கிட்ட சொல்லிராத. தாங்க மாட்டாரு. முழங்கால்ல அடிபட்டுப்போச்சு, அதனால அனுப்பிட்டாங்கன்னு சொல்லிக்கலாம். எந்தக் காலு?"

"என்னம்மா?"

"எந்தக் காலுன்னு இப்பவே முடிவு பண்ணிக்கோ. நாளைக்கு மாத்திச் சொல்லக்கூடாது."

இடது கால் என்று முடிவு செய்தோம்.

நொண்டுவது சுலபமில்லை. மறந்துவிடும். நான் மறந்து நடந்தால் அம்மா எங்கிருந்தோ இருமுவாள். மிலிட்டரி கேன்டீன் சரக்கு கேட்டு வந்த பெரியப்பாவிடம் இனிமேல் அது கிடையாது என்று சொன்னதும், "அடக் கொடுமையே, காலு போனவனுக்கு ஒரு பாட்டில்கூடக் குடுக்க மாட்டாங்களா?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். அதையெல்லாம் சமாளித்துவிடலாம். அப்பாவைத்தான் சமாளிக்க முடியவில்லை. எங்கேயோ விசாரித்து ஒரு வைத்தியரிடம் எண்ணெய் வாங்கிவந்தார். பொழுது சாயத் தோப்பிலிருந்து வந்து கை கால் கழுவியதும் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, தான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என் முழங்காலில் எண்ணெய் தேய்த்துவிடுவார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை. அந்தக் கை மெதுவாக, மிக மெதுவாகத் தேய்க்கும். "வலிக்குதாடா?" என்பார். "கொஞ்சமுங்ப்பா" என்பேன். என்னை வெளியே அனுப்பியபோது வராத அழுகை அந்த நாற்காலியில் வரும்.

கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவுக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு ஒருநாள் காலையில் புறப்பட்டேன். டீக்கடைக்கு முன்னால் வரும்போது பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நின்றால் இன்டர்வியூ போய்விடும். ஓடினேன். ஆளெடுப்பில் ஓடிய அதே ஓட்டம். டீக்கடையில் இருந்த மொத்த ஊரும் கிளாஸும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருக்க, படியில் தாவி ஏறினேன். ஏறி நின்ற பிறகுதான் கால் ஞாபகம் வந்தது.

ஆஸ்பத்திரியில் என்னைக் கேள்வி கேட்டது ஒரு டாக்டரம்மா. நரைத்த முடி, கண்டிப்பான முகம்.

"ஏனுங்க தம்பி, ஆர்மி வேலைய எதுக்கு விட்டீங்க?"

முழங்கால் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அன்றைக்கு அது ஓடிவிட்ட கால்.

"நான் விடலீங்க. ஒரு ஆம்பளைய விரும்புனேன், அதனால அனுப்பிட்டாங்க."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நரம்பு நல்லாப் புடிப்பீங்களா?"

"புடிப்பேனுங்க."

"இங்க வர்றவங்களுக்கு நரம்பே இருக்காது. பாத்துப்போட்டுச் சொல்லுங்க." கூட்டிக்கொண்டு போய் ஒரு பாட்டியின் கையைக் காட்டினார். ஒரே குத்து. மறுநாளிலிருந்து வரச் சொல்லிவிட்டார்.

வீடு திரும்பும்போது அப்பா எண்ணெய்ப் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார். டீக்கடைச் செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது.

"காலு செரியாயிருச்சாட்ட இருக்குது."

"கால்ல ஒண்ணுமே இல்லீங்ப்பா."

அம்மா உள்ளேயிருந்து இருமினாள். நான் நிறுத்தவில்லை. அம்மாவிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். அப்பா கேட்டு முடித்தார். "யாரையாச்சும் அடிச்சியா? எதையாச்சும் திருடுனியா?" என்றார். இல்லை என்றேன். பாட்டிலின் மூடியைத் திருகி மூடினார். எழுந்து மோட்டார் போடப் போய்விட்டார்.

அடுத்த நாளிலிருந்து அவர் எனக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்தார். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் 'ங்க' போடுவோம், அது தெரிந்த விஷயம். ஆனால் அப்பா என்னை 'டேய்' என்றுதான் கூப்பிடுவார், பிறந்ததிலிருந்து. இப்போது, "சாப்புடுங்க" என்றார். "போயிட்டு வாங்க" என்றார். வீட்டுக்கு வந்த மின்வாரிய ஆளிடம் பேசுகிற மாதிரி. அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம் என்று தோன்றும்.

உக்கடம் பக்கம் ஒரு அறை எடுத்துக் குடிவந்தேன். அம்மா அடிக்கடி பஸ் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போவாள். ஒரு வக்கீல், வழக்குப் போடலாம் என்றார். யோசித்தேன். போடவில்லை. ஜெயித்துத் திரும்பிப் போனாலும் சுவரோரம் தள்ளிப்போட்ட அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில்தானே படுக்க வேண்டும். கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். குடியரசு தின அணிவகுப்பை டி.வி.யில் காட்டினால் இன்றைக்கும் என் முதுகு தானாக நிமிர்கிறது. நிமிர்ந்த பிறகு சேனலை மாற்றிவிடுவேன்.

டயாலிசிஸ் பிரிவுக்கு ஒருவர் தன் அம்மாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வருவார். என் வயதுதான். பம்பு செட் கம்பெனியில் மோட்டார் சோதிக்கிற வேலை. அம்மாவுக்கு மெஷின் ஓடுகிற நேரம் முழுக்க எதிர் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னுமாக உட்கார்ந்திருப்பார். என் ஷிப்டு முடிகிற நாளில் நானும் போய் உட்காருவேன். என்ன பேசினோம் என்று கேட்டால், மோட்டாரும் கிட்னியும்தான். இரண்டிலும் எங்கே அடைக்கும் என்று ஒப்பிட்டுக்கொள்வோம். அவருடைய அம்மாதான் எங்களுக்கு முன்னால் புரிந்துகொண்டது. ஒருநாள் ஊசி எடுக்கும்போது, "தம்பி, எம்பையனுக்குச் சோறு ஆக்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டது. தெரியும் என்றேன். "அப்பச் செரி" என்று கண்ணை மூடிக்கொண்டது. அந்த அம்மா போய்ச் சேர்ந்த பிறகு நான் அவர் வீட்டுக்கே குடிபோனேன். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் 'ஏனுங்க' என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறோம். புருஷனைப் பெண்டாட்டி கூப்பிடுகிற மாதிரி. ஆரம்பத்தில் கேலியாகத்தான் கூப்பிட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் திறந்தால், தேங்காய் மூட்டையோடு அப்பா நிற்கிறார். "காய் நெறையக் கெடந்துதுங்க. அதான்" என்றார் என்னிடம். உட்கார்ந்தார். நான் 'ஏனுங்க' என்கிற இவர் டீ போட்டுக்கொண்டுவந்து வைத்தார்.

"உங்களுக்கு எந்தூருங்க?" என்றார் அப்பா. எங்கள் பக்கம் அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கும். இவர் இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொன்னார்.

"அவிநாசிப் பக்கமுங்க. எங்கப்பாரு பண்ணையத்துக்குக் கூலியாப் போனவருங்க. நாங்க சர்ச்சுக்குப் போறவங்க."

அப்பா டம்ளரைப் பார்த்தார். அந்த மாதிரி வீட்டில் அவர் பச்சைத்தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. எடுத்தார். ஒரு வாய் குடித்தார்.

"சக்கரை பத்தலீங்க" என்றார்.

இவர் சர்க்கரை டப்பாவோடு ஓடிவந்தார். அப்பா முழுசும் குடித்துவிட்டு, கை கழுவப் போனவர் அங்கிருந்தே சத்தம் போட்டார். "ஏண்டா, குழாய் இப்படிச் சொட்டுதே, பாக்கறதில்லியா? ஒரு வாஷர் மாத்தறதுக்கு என்னடா கேடு?" அந்த 'டா' காதில் விழுந்ததும் நான் அடுக்களைக்குப் போய்த் தேங்காயை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டேன். இவர் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, அப்பாவிடம் வாஷர் விஷயமாகப் பேசப் போய்விட்டார்.

பெரியப்பா வீட்டு விசேஷங்களுக்கு எங்களைக் கூப்பிடுவதில்லை. ஊரில் பின்னால் பேசுகிறவர்கள் பேசுகிறார்கள். அப்பா அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, சமாதானமும் சொன்னதில்லை. இமாச்சலத்துக்காரன் ஆப்பிள் தோட்டம் பார்க்கிறான். வருஷத்துக்கு ஒருமுறை பூத்த மரத்தைப் படமெடுத்து அனுப்புவான்.

அப்பாவின் போன் எனக்கு வருவது குறைந்துவிட்டது. இவருக்குத்தான் வருகிறது. நேற்றும் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க, போர் மோட்டாரு மொனகுது, தண்ணி ஏற மாட்டேங்குதுங்க. கெப்பாசிட்டர் போயிருக்குமுங்களா?"

"இருக்குமுங்க. நீங்க தொடாதீங்க, நான் வந்து பாக்கறேன்."

பின்னாலிருந்து அம்மாவின் குரல். "மாரியம்மன் நோம்பிக்கு ரெண்டு பேரும் வாராங்களான்னு கேளுங்க!"

"அது வேற கேக்குது" என்றார் அப்பா.

"வாரோமுங்க" என்றார் இவர். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் போய் இரண்டு வேட்டி எடுத்துவந்தோம். இவர் பச்சைக்கரை, நான் நீலக்கரை. பச்சை இவருக்கு எடுப்பாக இல்லை என்று சொல்லிப்பார்த்தேன். கேட்கிற ஆள் இல்லை.