நாலு வருசம் பொறு என்றேன்

இது நடந்து மூன்று வருடமாகிறது. ரொறன்ரோவில், மே மாதக் கடைசிச் சனிக்கிழமை பின்னேரம், ஸ்காபரோவில் உள்ள ஒரு விழா மண்டபத்தில் இருந்தோம். தெரிந்த ஒருவரின் மகளுக்குப் பதினாறாவது பிறந்தநாள். வட்ட மேசை, மேசைக்குப் பத்துப் பேர். ரோல்ஸும் கட்லட்டும் முடிந்துவிட்டன, சோறு வர வழக்கம்போல இரண்டு மணித்தியாலம் கிடந்தது. அந்த இரண்டு மணித்தியாலமும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

முதலில் என் நண்பனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடத்துக்கு முன் அகதிகளாக வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே மாடியில் எதிரெதிர்க் கதவுகளில் குடியிருந்தோம். ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினோம். அந்தக் காலத்தில்தான் இந்த நகரத்துக்கென்று ஒரு தொழில்முறைக் கூடைப்பந்து அணி வந்தது. அதற்கு முன் எங்கள் இருவருக்கும் அந்த விளையாட்டின் அரிச்சுவடிகூடத் தெரியாது. ஆங்கிலம் பேசக் கூச்சப்பட்ட எங்களுக்கு, வேலையிடத்தில் நாலு பேரோடு வாய் திறக்க அது ஒரு சாட்டாக இருந்தது. சாட்டுக்குப் பார்க்கத் தொடங்கி விசர் பிடித்துவிட்டது.

பிறகு கலியாணம், பிள்ளைகள், வீடு என்று ஆளுக்கொரு பக்கம் போனோம். நான் பிக்கரிங், அவன் ஸ்ரௌவ்வில். நேரில் சந்திப்பது குறைந்தாலும் காலை ஆறு பத்துக்கு நான் காரை எடுக்க அவனுடைய அழைப்பு வந்துவிடும். அவனும் வேலைக்குப் போகிற வழியில் இருப்பான். அரை மணித்தியாலம் கூடைப்பந்துதான் பேச்சு. "எப்படிச் சுகம்?" என்று ஒருவரை ஒருவர் கேட்டதே கிடையாது, எடுத்தவுடன் "டேய், நேற்றைய ஆட்டம் பாத்தனியே?" தான். என் மனைவி இதைச் சொல்லிச் சொல்லிப் பகிடி பண்ணுவாள். நானும் அதை ஒரு பெருமையாகவே நினைத்துச் சிரிப்பேன்.

அந்த வருடம் எங்களுக்குள் ஒரு பெரிய வாதம். வருடா வருடம் ஜூன் கடைசியில், புதிதாக வரும் இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிவுசெய்யும். எங்கள் அணிக்கு நல்ல இடம் கிடைத்திருந்தது. கல்லூரியில் நாலு வருடம் ஆடிய ஒரு கார்ட், அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவன், அவனைத்தான் எடுக்கவேண்டும் என்று நண்பன் ஒற்றைக் காலில் நின்றான். எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் அணியின் நட்சத்திரமும் பந்தைக் கையில் வைத்து ஆடுகிறவர்தான். இருப்பதோ ஒரு பந்து. இரண்டு பேரும் அதையே கேட்டால் ஒருவன் மூலையில் நின்று வேடிக்கை பார்க்கவேண்டியதுதான். அதைவிட, பத்தொன்பது வயது நெட்டையன் ஒருவன் இருந்தான். ஆட்டம் இன்னும் பச்சை, ஆனால் வளர்ந்து வந்தால் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் அச்சாவாகப் பொருந்துவான்.

"கெட்டிக்காரன் பந்து இல்லாமலும் ஆடப் பழகுவான் மச்சான். மூண்டு மாசம் காணும்" என்பான் அவன்.

"நாலு வருசம் பொறு. அந்த நெட்டையன் ஆரெண்டு பார்" என்பேன் நான்.

மற்ற நாட்களில் ஒரு வாதம் மூன்று நாளுக்கு மேல் நிற்காது. இது மாசியில் தொடங்கி வைகாசி வரை இழுபட்டது. சில நாள் அவன் காலையில் கதைத்தது போதாதென்று, பத்து மணிக்கு என் தொழிற்சாலையில் பிரேக் விடுகிற நேரம் பார்த்தும் போன் எடுப்பான். பின்னால் ஒலிபெருக்கியில் யாரோ ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்கும். எங்கே நிற்கிறாய் என்றால், "காருக்கு டயர் மாத்த வந்தனான்" என்பான். மூன்றாம் தரமும் அதையே சொன்னபோது, "உன்ர காருக்கு எத்தினை டயரடா?" என்று கேட்டுச் சிரித்தேன். அவனும் சிரித்தான்.

இப்போது அந்த மண்டபத்துக்கு வருகிறேன். நாங்கள் நேரில் கண்டு நாலு மாதம் இருக்கும். ஆள் பாதியாகிப்போயிருந்தான், கோட் தோளில் தொங்கியது. "நல்லா இறங்கிட்டாய், இளம் பெடியன் மாதிரி இருக்கிறாய்" என்றேன். "சுகர் மச்சான். டொக்ரர் சோத்தைக் குறைக்கச் சொல்லிப்போட்டார்" என்றான். எங்கள் ஆட்களிடம் மெலிவுக்கு அந்த ஒரு சொல் போதும், அதற்கு மேல் ஒருவரும் துருவமாட்டார்கள். மேசையில் இருந்தவர்கள் குரக்கன் புட்டு, நடை, வெந்தயத் தண்ணீர் என்று ஆளுக்கொன்று சொல்லி முடித்தார்கள். நானும் என் பங்குக்கு இன்னும் பத்து இறாத்தல் குறைக்கச் சொன்னேன்.

பிறகு வாதம் தொடங்கியது. மேசையே கேட்டுக்கொண்டிருந்தது.

"வாற வருசமே வெல்லக்கூடிய அணியடா இது. ஐப்பசியில ஆட்டம் தொடங்கேக்க அவன் இறங்கவேணும். இப்ப எடுக்காமல் பிறகு எப்ப?" என்றான். குரல் உயர்ந்திருந்தது.

"உனக்கென்ன அவசரம்? நாளைக்குச் சாகப்போறவன் மாதிரியெல்லே நிக்கிறாய்!" என்றேன்.

மேசை முழுக்கச் சிரித்தது. கொஞ்சம் பிந்தி அவனும் சிரித்தான். சிரித்துவிட்டுச் சொன்னான்: "நீ உப்பிடிப் பொறுத்துப் பொறுத்துத்தான் இருவத்திரண்டு வருசமா ஒரே மெசினில நிக்கிறாய்."

ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டு தரம் சூப்பவைசர் வேலை வந்தும் பிறகு பார்ப்போம் என்று விட்டவன் நான். என் மனைவியின் சொந்தக்காரர்கள் அந்த மேசையில் இருந்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. சோறு வருமுன்பே அவன் எழும்பிவிட்டான். அவனுடைய மனைவி வேறு மேசையிலிருந்து வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். கோபத்தில் போகிறான் என்றே நினைத்தேன்.

திங்கட்கிழமை ஆறு பத்துக்குப் போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. வானொலியைப் போட்டுக்கொண்டு போனேன். செவ்வாயும் அடித்தது, புதனும் அடித்தது. தகவல் ஒன்றும் விடமாட்டான், அடித்துவிட்டு நின்றுவிடும். "எடுங்கோவன், பாவம்" என்றாள் மனைவி. "கிடக்கட்டும், அவருக்கும் கொஞ்சம் உறைக்கட்டும்" என்றேன். மூன்றாம் வாரம் அழைப்பு நின்றது. மறைக்காமல் சொல்கிறேன், அன்றைக்கு நான் வென்றுவிட்டதாகவே உணர்ந்தேன்.

தெரிவு நாள் வந்தது. ஒரு வியாழக்கிழமை பின்னேரம், தொலைக்காட்சிக்கு முன்னால் தனியாக இருந்தேன். எங்கள் அணியின் முறை வந்தது. வாசித்தது அந்தக் கல்லூரிக் கார்ட்டின் பெயரை. எனக்குத் திரையில் கண் நிற்கவில்லை, போனைத்தான் பார்த்தேன். இந்த நிமிடத்தில் அவன் போன் எடுத்துக் கத்தாமல் இருக்கமாட்டான். போன் பேசாமல் கிடந்தது. "சரி, உன்ர ஆளை எடுத்திட்டாங்கள். இப்ப சந்தோசமோ?" என்று எழுதினேன். பிறகு, முதலில் அவன்தான் இறங்கி வரவேண்டும் என்று அழித்துவிட்டேன். அந்தச் செய்தியை ஏன் அனுப்பவில்லை என்று இன்றைக்கும் என்னையே திட்டுகிறேன்.

அடுத்த நாள் பத்து மணிப் பிரேக்கில் அவனுடைய மனைவி எனக்குப் போன் எடுத்தார். "அண்ணை, ஒருக்கா வந்திட்டுப் போறியளோ?" என்று ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார். ஆருக்கு என்ன என்று கேட்டேன். "உங்களுக்கு ஒண்டும் தெரியாதெல்லே" என்று அழத் தொடங்கினார்.

வேலை உடுப்போடு அப்படியே போனேன். அவர் அறைக்கு வெளியே நடையில் நின்றார். கணையத்தில் புற்றுநோய், மாசி மாதமே தெரிந்துவிட்டதாம். மருந்து ஏற்றினால் மார்கழி வரை இழுக்கலாம் என்று டொக்ரர் சொல்லியிருக்கிறார். உடம்பு அவ்வளவு தூரம் தாங்கவில்லை.

"ஆருக்கும் சொல்லவேண்டாம் எண்டவர், சனம் சுத்தி நிண்டு அழும் எண்டு. உங்களுக்கெண்டாலும் சொல்லுவம் எண்டு எத்தினை தரம் கேட்டிருப்பன் அண்ணை. 'அவனுக்குத்தான் சொல்லக்கூடாது. தெரிஞ்சால் அவன் எனக்கு விட்டுத்தந்திடுவான். பிறகு நான் ஆரோட சண்டை பிடிக்கிறது?' எண்டு சொல்லிப்போட்டார்."

அங்கே இருந்த கதிரையில் இருந்துவிட்டேன். அவர் சொல்லிக்கொண்டே போனார்.

"வேலையை மாசியிலயே விட்டிட்டார். ஆனா காலமை உடுப்பு மாத்திக்கொண்டு கராஜுக்குப் போய், காருக்குள்ள இருந்துதான் உங்களுக்கு எடுக்கிறவர். வீட்டுக்குள்ள இருந்து கதைச்சால் சத்தத்தில விளங்கியிடுமாம். பிறகு நீங்கள் எடுக்காத நாளிலயும் அரை மணித்தியாலம் அதுக்குள்ள இருந்திட்டுத்தான் வருவார். என்னண்ணை, ரண்டு பேருக்கும் ஏதும் கோவமோ?"

கராஜில் நிற்கிற கார், பூட்டின கதவு, அதற்குள் வேலை உடுப்போடு அவன். நான் வானொலி கேட்டுக்கொண்டு போன ஒவ்வொரு காலையும் அவன் அப்படி இருந்திருக்கிறான். இத்தனை டயரும் எங்கே மாற்றினான் என்பதும் அப்போதுதான் புரிந்தது. நாலு வருசம் பொறு, நாலு வருசம் பொறு என்று அந்த மனிசனிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! அவனுக்கு ஐப்பசியில் களத்தில் இறங்கக்கூடிய ஒருவன் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் அவன் கேட்டது.

செவ்வாய்க்கிழமையிலிருந்து அவனுக்கு நினைவில்லை. தெரிவான செய்தியை மகன் காதுக்குள் சொன்னானாம், கேட்டதோ தெரியாது என்றார்.

உள்ளே போனேன். கட்டிலில் கிடந்தவனை என் நண்பன் என்று நம்பச் சிறிது நேரம் பிடித்தது. மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் போனேன், அந்தச் சொல் வாய்வரை வந்துவிட்டது. அப்போது அவனுடைய மனைவி சொன்னது ஞாபகம் வந்தது. விட்டுத்தந்துவிடுவான் என்றுதானே எனக்குச் சொல்லவில்லை? காதுக்குக் கிட்டக் குனிந்தேன்.

"டேய், உன்ர பெடியனை எடுத்திட்டாங்கள். எடுத்தாப்போல என்ன? இருக்கிறது ஒரு பந்தடா. உவன் பொருந்தமாட்டான். எழுதி வை."

அவனுடைய மனைவி வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நான் நிறுத்தவில்லை. மூலையில் நின்று எறிய அவனுக்கு வருமா, நட்சத்திரம் களைத்தால் பந்தை யார் கொண்டுவருவது, எதிரணியின் உயரமானவனை யார் மறிப்பது என்று ஒவ்வொன்றாக எடுத்து அரை மணித்தியாலம் வாதாடினேன். அவன் சொல்லக்கூடிய பதில்களையும் நானே சொல்லி, அதற்கும் மறுப்புச் சொன்னேன். இடையில் என் குரல் உடைந்து சத்தமாகிவிட்டதால் தாதி ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவன் கண் திறக்கவில்லை. விரல் அசைந்தது, உதடு சிரித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் போய்விட்டான்.

முப்பத்தோராம் நாள் அவனுக்குக் கல்வெட்டு அடித்தார்கள். அந்தச் சிறு நினைவுப் புத்தகத்தில் பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், தேவாரம், பிள்ளைகளின் கண்ணீர்க் கவிதை எல்லாம் இருந்தன. எங்கள் முப்பது வருடத்துக்கு, "விளையாட்டில் ஆர்வம் உடையவர்" என்ற மூன்று சொல் கிடைத்தது. அதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் ஆட்டம் தொடங்கியது. அந்தக் கார்ட் இறங்கினான். நட்சத்திரத்தின் கையில் பந்து இருக்கும்போது அவன் ஓடி ஓடி வெற்றிடம் தேடினான். பந்து இல்லாமலும் ஆடப் பழகிக்கொண்டிருந்தான். அவன் போட்ட முதல் கூடைக்கு நான் என்னை அறியாமல் போனைக் கையில் எடுத்துவிட்டேன். மனைவி பார்த்துவிட்டு எழும்பி உள்ளே போனாள்.

இப்போது மூன்று வருடமாகப் பார்க்கிறேன். சில நாள் இரண்டு பேரும் நன்றாகப் பொருந்துகிறார்கள், சில நாள் முட்டிக்கொள்கிறார்கள். வேறு அணிக்குப் போன என்னுடைய நெட்டையன் இப்போதுதான் மெல்ல மெல்ல ஆள் ஆகிறான். நான் சொன்ன நாலு வருடம் முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. நண்பன் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்ள எனக்கு இன்னும் மனம் வரவில்லை, ஒப்புக்கொண்டால் எங்கள் வாதம் முடிந்துவிடும். ஆனால் இப்போது யார் போன் அடித்தாலும் எடுக்கிறேன், எடுத்ததும் முதலில் சுகம் கேட்கிறேன். "உனக்கென்ன அவசரம்?" என்று ஒருவரைப் பார்த்துக் கேட்கிற வாய் மட்டும் எனக்கு அந்த ஆஸ்பத்திரி நடையோடு போய்விட்டது.