சகலை கண்டுபிடித்த ஏரி

மூட்டு அறுவைச் சிகிச்சை முடிந்து, கைத்தடி இல்லாமல் நடக்கத் தொடங்கியதும் என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எங்கயாவது தண்ணிப் பக்கமா, ஆள் இல்லாத இடமாப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க."

கூட்டம் என்றால் அவளுக்கு நடுக்கம். ஒரு வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் நெரிசலில் சிக்கி மூச்சு முட்டிப்போனாள். யாரோ தூக்கி வெளியே விட்டார்கள். அவள் தங்கை வீடு கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் திருவிழா நாட்களில் அவள் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போகமாட்டாள்.

நான் அவளைக் கொள்ளிடக் கரையில் நாணல் மண்டிய ஓரிடத்துக்குக் காரில் அழைத்துப் போனேன். கல்லூரியில் வரலாறு நடத்தியவன் அல்லவா, மரநிழலில் உட்கார்ந்து ஆற்றுப் பாசனத்தைப் பற்றி விரிவாகப் பேசினேன். அவளும் தலையாட்டிக்கொண்டு கேட்டாள். அவளுக்கு இடம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

அதன் பிறகுதான் என் சகலை இதில் இறங்கினார். மனைவியின் தங்கை கணவர். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். செல்பேசியில் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி, சாலையிலிருந்து தள்ளியிருக்கும் ஏரி குளங்களைத் தேடுவார். காலையில் கிளம்பி மதியத்துக்குள் போய்ச் சேரும் தொலைவு என்றால் போய்ப் பார்த்துவிடுவார். ஊருக்குள் நுழைந்ததும் முதலில் டீ, பிறகுதான் கேள்வி. ஊர்ப் பெரியவரைப் பார்த்து அனுமதி வாங்கி, கணவனும் மனைவியுமாகக் கரையில் கூடாரம் போட்டு ஓரிரவு தங்கிவிட்டு வருவார்கள். முதல் முறை எங்களையும் அழைத்துப் போனபோது, கழிப்பறைக்கென்று உயரமாக ஒரு தனிக் கூடாரம் வாங்கி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் என் மனைவியின் முகம் மலர்ந்ததே, அது எனக்கு மறக்காது.

அன்று தங்கையிடம் அவள் சிரித்துக்கொண்டே சொன்னது என் காதில் விழுந்தது: "கொள்ளிடக் கரையில காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கலடி நான். எங்க போறது, சொல்லு? இவர் பாட்டுக்கு மதகு, கலிங்குன்னு பேசிட்டிருக்காரு."

எனக்குச் சுருக்கென்றது. என் தவறு உறைத்ததால் அல்ல, அதை அவர் சரிசெய்துவிட்டாரே என்பதால்.

அதற்குப் பிறகு சாப்பாட்டு வேளையெல்லாம் சகலை புராணம்தான். அவரைத் தம்பி என்றுதான் அவள் சொல்வாள். தம்பி கண்டுபிடித்த ஏரியில் கொக்கு எப்படி நின்றது, விடியும்போது தண்ணீர் எப்படிக் கருநீலத்திலிருந்து வெளுத்தது, தம்பி போட்ட இஞ்சி டீ எப்படி மணத்தது. நான் ரசத்தைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த மனிதரின் மூக்குக் கண்ணாடிகூட எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

சென்ற கோடையில் ஒருநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, மணப்பாறை தாண்டி உள்ள ஒரு ஏரி. போன மாசமே போயி பெரியவர்கிட்ட சொல்லி வெச்சுட்டேன். ஈ காக்கா கிடையாது. வர்ற சனிக்கிழமை போறோம். அக்கா, நீங்க ரெடியா?"

அவள் சின்னப் பெண்ணைப் போலத் தலையாட்டினாள்.

குறை கண்டுபிடிக்கவேண்டும் என்பதற்காகவே புதன்கிழமை நான் மட்டும் அங்கே போனேன். வீட்டில் வேறு ஏதோ காரணம் சொன்னேன். ஏரியில் ஒரு குறையும் இல்லை. தொடையளவுத் தண்ணீர், கரையில் வேம்பு, கண்ணுக்கெட்டிய தூரம் ஆளில்லை. எரிச்சலுடன் டீக்கடையில் வந்து உட்கார்ந்தேன். கடைக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். கே.கே. நகர், பேராசிரியர் என்று சொன்னேன்.

"வர்ற ஞாயித்துக்கிழமை வரணும் சார். மீன்பிடித் திருவிழா. நேத்துதான் ஊர்ல கூடித் தேதி வெச்சாங்க. சுத்துப்பட்டு சனம் அம்புட்டும் வந்துரும், கரையில கால் வைக்க எடமிருக்காது."

ஏரி அமைதியாக இருந்த காரணம் அப்போதுதான் புரிந்தது. கோடையில் தண்ணீர் வற்றும்வரை யாரும் வலை போடக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. குறித்த நாளின் விடியலில் பெரியவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு உற்சாகமாக இருந்தது. இனி அந்த மனிதர் கண்டுபிடிக்கும் இடத்தை இவள் நம்பமாட்டாள் என்று நினைத்தேன். கூட்டத்தைக் கண்டால் இவள் எப்படி நடுங்குவாள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாயைத் திறக்கவில்லை. சனிக்கிழமை முதுகு பிடித்துக்கொண்டது என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

"சுளுக்கெடுக்க அங்க ஒரு ஆள் புடிச்சுத் தர்றேன், வாங்கண்ணே," என்றார் சகலை.

"நீங்க போங்க," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விழிப்பு வந்தபோது, இந்நேரம் துண்டை வீசியிருப்பார்கள் என்று தோன்றியது. போனை எடுத்தேன், வைத்தேன். மறுபடி எடுத்தேன். அவளே அழுதுகொண்டு கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை.

மதியத்துக்குப் பிறகு கார் வந்து நின்றது. முழங்கால் வரை சேறும், கையில் ஒரு தூக்குவாளியுமாக இறங்கினாள். வாளியில் இரண்டு விரால்.

"அண்ணே, தப்பு பண்ணிட்டீங்க, வராம!" சகலை காருக்குள் இருந்தபடியே கத்தினார். "முந்தின நாள் போனப்பவே ஊருல சொல்லியிருக்கலாம்ல? நாங்க மீனுக்குத்தான் வந்திருக்கோம்னு நெனச்சுக்கிட்டாங்க. விடிஞ்சதும் ஒருத்தர், 'என்ன சார், ஊத்தா கொண்டாரலையா'ங்கிறாரு. மீனை அமுக்கிப் பிடிக்கிற மூங்கில் கூடைண்ணே அது. நான் சமையலுக்குன்னு நெனச்சு, இட்லிப் பானை இருக்குன்னேன்."

மனைவியின் தங்கை சொல்லித்தான் மற்றது தெரிந்தது. முதல் இரைச்சல் கேட்டதும் என் மனைவி கூடாரத்துக்குள் ஒடுங்கி, வியர்த்து, தங்கையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டாளாம். சகலை அவளுடைய நாற்காலியைக் காருக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் போட்டு உட்காரவைத்து, குறுக்கே நின்றுகொண்டாராம். அவர் ஏரிப் பக்கம் போகவே இல்லை. ஊர்ப் பெண்கள் வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்து பேச்சுக் கொடுத்திருக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பயம் தெளிந்து, கடைசியில் எழுந்து கரையோரச் சேற்றில் காலை வைத்துவிட்டாளாம்.

நான் நிற்கவேண்டிய இடத்தில் அவர் நின்றிருக்கிறார். அதைக் கேட்டபோதும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான்.

அவர்கள் போன பிறகு அவள் மீனை அலசிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள். "புதன்கிழமை அங்க போயிருந்தீங்களா?"

நான் மேசையில் கிடந்த செய்தித்தாளை மடித்தேன்.

"திரும்பி வர்றப்ப டீக்கடைக்காரர் எந்த ஊருன்னு கேட்டுட்டுச் சொன்னாரு. கே.கே. நகர்லேர்ந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தாரு, அவர்கிட்டகூடச் சொன்னேனேன்னாரு. நான் மட்டும்தான் கடையில நின்னேன், அவங்க வண்டியில இருந்தாங்க."

"மறந்துட்டேன்," என்றேன்.

அவள் தண்ணீரை நிறுத்தினாள். "தம்பிய உங்களுக்கு ஆகாது, அது எனக்குத் தெரியும். அதுக்கு நான்தான் கெடைச்சேனா?"



குழாயை மறுபடி திறந்துகொண்டு சொன்னாள்: "நான் அவங்ககிட்ட சொல்லல. நீங்களே போயி சொல்லிட்டு வாங்க."

மறுநாள் ஸ்ரீரங்கம் போனேன். "முதுகு எப்படிண்ணே? என்னைப் பாத்தா பிடிச்சுக்குது, நான் ஊருக்குப் போயிட்டா விட்டுருதா?" என்று சிரித்தபடிதான் கதவைத் திறந்தார். உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் வெகுநேரம் துடைத்தார்.

"என் மேல கோவம்னா ரெண்டு திட்டுத் திட்டியிருக்கலாம்லண்ணே. அக்கா கூடாரத்துக்குள்ள எப்படி ஒடுங்கிக் கெடந்தாங்க தெரியுமா?" என்றார். பிறகு எழுந்து போய் இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்தார். "புதுக்கோட்டை ரோட்டுல ஒரு கண்மாய் பாத்து வெச்சிருக்கேன். இனிமே ஊருக்குள்ள போயி விசாரிக்கிறது உங்க வேலை. நல்லா விசாரிக்கிறீங்க."

அதன்படி இப்போது நான்தான் விசாரிக்கிறேன். நால்வரும் சேர்ந்தே போகிறோம். யாராவது கேட்டால், இது அண்ணன் பார்த்த இடம் என்று சகலை சொல்லிவிடுகிறார். நல்ல இடங்கள்தான், ஒரு சத்தம் இருக்காது. எப்படி இருக்கிறது என்று மனைவியிடம் கேட்பேன். "நல்லா இருக்குங்க" என்பாள். அவ்வளவுதான்.

சாப்பிடும்போது அவள் கொக்கைப் பற்றியோ தண்ணீரின் நிறத்தைப் பற்றியோ பேசுவதில்லை. தம்பியின் இஞ்சி டீயைப் பற்றியும் பேசுவதில்லை. அவரைப் புகழ்ந்து ஒரு வார்த்தை என் காதில் விழக்கூடாது என்று அன்றைக்கு ஆசைப்பட்டேன்; இப்போது விழுவதில்லை. எல்லாவற்றையும் அடுக்களையில் நின்று தங்கையிடம் போனில் பேசிக்கொள்கிறாள். போன வாரம் ஒரு மீன்கொத்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும்தான் பக்கத்தில் இருந்தேன், அந்தப் பறவையைப் பார்க்கவில்லை. எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது என்று கேட்க உள்ளே போனேன்.

"சரிடி, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.